கடைசி யாரு?

அவள் எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, தியேட்டரில் பெண்களுக்கு டிக்கெட் கொடுக்கும் சந்து, ஏன், கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில்கூட. வந்து நிற்பாள், இடுப்பில் ஒரு கையை வைப்பாள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடைசி யாரு?" என்பாள். யாராவது கையைத் தூக்கினால் போதும், அவர் பின்னால் போய் ஒட்டிக்கொள்வாள். அதற்கப்புறம் அவளை அங்கிருந்து முன்னாலும் தள்ள முடியாது, பின்னாலும் இழுக்க முடியாது.

பார்த்தால் பெரிய ஆளாகத் தெரியமாட்டாள். குள்ளம். எண்ணெய் வழியும் ரெட்டை ஜடையில் ஒன்று எப்போதும் மற்றதைவிட ஒரு விரல் மேலே ஏறியிருக்கும். காலில் செருப்பு கிடையாது. குரல் மட்டும் மில் சங்குக்குத் தங்கச்சி. புதுச்சேரியில் மில்லுக்குப் பின்னால் இருந்த காலனியில் அவள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். அவள் அப்பாவும் என் அப்பாவும் மில்லில் ஒரே ஷிஃப்ட். பெண்கள் அரசுப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்ச். அவளோடு படித்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் அப்படி ஒரு பெருமை. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

எண்பதுகளில் அவளுக்குக் கூட்டுறவு ரேஷன் கடையில் வேலை கிடைத்தது. கேட்க வேண்டுமா? ஊரே ஆடிப்போனது. அதுவரை பெரிய வீட்டு ஆட்கள் மண்ணெண்ணெய் டின்னை நேராகக் கவுண்டருக்குக் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். அவள் வந்த பிறகு அந்த வேலை நடக்கவில்லை. ஒருநாள் அவள் அப்பாவே சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கம் இல்லாமல் வந்த மனுஷன். உள்ளே உட்கார்ந்திருப்பது பெற்ற மகள் ஆச்சே என்று வரிசையைத் தாண்டிப் போய் டின்னை நீட்டினார். அவள் வரிசையைப் பார்த்து, "கடைசி யாரு?" என்று கேட்டாள். ஒரு கிழவர் கையைத் தூக்கினார்.

"அப்பா, அந்தத் தாத்தாவுக்குப் பின்னாடி போய் நில்லு."

"ஏய், நான் ஒங்கப்பன்டி!"

"தெரியுது. அதான் கடைசி யாருன்னு நானே கேட்டுச் சொன்னேன். மத்தவங்கன்னா அவங்களே தேடிக்கட்டும்னு வுட்டிருப்பேன்."

அன்றைக்குப் பார்த்துத் தாத்தாவோடு எண்ணெய் தீர்ந்துபோனது. அவள் அப்பா காலி டின்னோடு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் டீக்கடையில், "பெத்த அப்பனுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் இல்லியாம், கேட்டியா அநியாயத்த!" என்று ஊருக்கே கேட்கத் திட்டினார். ஆனால் மீசையைத் தடவிக்கொண்டே திட்டினார். அப்படித் திட்டுகிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததா, எங்கள் லீடர் கிளாஸில் வந்ததா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். பிறவியிலேயேதான். லீடர் கிளாஸ் அதைக் கொஞ்சம் தீட்டிவிட்டது, அவ்வளவுதான்.

எமர்ஜென்சி முடிந்த புதுசு. உரிமை என்ற வார்த்தையை ஊரில் எல்லோரும் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடியில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். குடிமை உரிமையும் தலைமைப் பயிற்சியும் என்று பெயர் நீளமாக இருக்கும். எங்களுக்கு அது லீடர் கிளாஸ். பள்ளிக்கு இரண்டு பேர். எங்கள் பள்ளியிலிருந்து நானும் அவளும் போனோம். வகுப்பு எடுத்தவர் ஒரு வக்கீல் ஐயா. பிரெஞ்சுக்காரன் காலத்தில் படித்தவர். பாதி சட்டத்தைத் தமிழிலும் பாதியைப் பிரெஞ்சிலும் சொல்லுவார். முதல் நாளே பலகையில் லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிரத்தெர்னித்தே என்று எழுதி விளக்கினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்.

அவள் எழுந்து நின்றாள். "ஐயா, அந்த ரெண்டாவது இருக்குதே, எகாலித்தே, அது வரிசை மாதிரியா?"

"எப்படிம்மா சொல்ற?"

"வரிசையில நின்னா கலெக்டரும் ஒரு ஆளு, நானும் ஒரு ஆளு. யாரு மொதல்ல வந்தாங்கன்னு மட்டுந்தான கேப்பாங்க. அப்பா யாரு, எந்தத் தெருன்னு கேக்கமாட்டாங்கல்ல."

கான்வென்ட் பிள்ளைகள் சிரித்தார்கள். வக்கீல் ஐயா சிரிக்கவில்லை. "அப்படி ஒரு வரிசைய நீ எங்கயாவது பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

"சினிமாக் கொட்டாயில பாத்திருக்கேன். எங்க தெருக்குழாயில பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. பலகை அழிக்கும் டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். பேசி முடித்ததும் கை தூக்கியவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் இருந்தான். டஸ்டர் அவன் கைக்குப் போனால் திரும்பி வராது. மேடைப் பேச்சு மாதிரி முழங்குவான். பின் பெஞ்சில் துணிக்கடை பாய் வீட்டுப் பையன், பேச்சு கொஞ்சம் திக்கும், பாவம், கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருப்பான். ஒருநாள் அவள் நேராகப் போய் முழங்குகிறவன் கையிலிருந்த டஸ்டரை வாங்கி அந்தப் பையனிடம் கொடுத்தாள். அவன் திக்கித் திக்கி முதல் வார்த்தைக்கே தவித்தபோது வக்கீல் ஐயா இரக்கப்பட்டு, "அவன் சொல்ல வர்றது என்னன்னா…" என்று ஆரம்பித்தார்.

"ஐயா, டஸ்டர் உங்க கையில இல்ல."

எனக்கு உயிரே போய்விட்டது. அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். ஐயா அவளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையன் பேசி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அத்தனை பேரும் காத்திருந்தோம். நன்றாகத்தான் பேசினான்.

இனி குழாய்க் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவளைச் சொன்னதாகாது.

எங்கள் காலனிக்கும் அதற்கு முன்னால் இருந்த ஊர்த்தெருவுக்கும் சேர்த்து முனிசிபாலிட்டி குழாய் ஒன்றுதான். காலைச் சங்குக்குத் தண்ணீர் வரும், பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்கு நின்றுவிடும். ஆட்களுக்குப் பதிலாகக் குடங்கள் வரிசையில் நிற்கும். வலப்பக்கம் தெருவின் வரிசை. இடப்பக்கம் காலனி வரிசை. தெரு வரிசையில் ஒரு குடம்கூட இல்லையென்றால்தான் எங்கள் குடம் குழாய்க்குக் கீழே போகலாம். நாங்கள் விடியும் முன்பே வந்து வைத்திருப்போம். தெருவில் ஒருத்தி அப்போதுதான் தூங்கி எழுந்து கொட்டாவி விட்டபடி வருவாள். அவள் குடம்தான் முதலில் போகும். சட்டமா, எழுத்தா, ஒன்றும் கிடையாது. அப்படித்தான் இருந்தது.

இதனால் நாங்கள் இருவரும் பள்ளிக்கு எப்போதும் லேட். ப்ரேயர் முடிந்துதான் போய்ச் சேருவோம். ஒருநாள் பெரிய டீச்சர் கூப்பிட்டு நிற்கவைத்தார். "லீடர் கிளாஸுக்குப் போறவங்க மத்த பொண்ணுங்களுக்கு முன்மாதிரியா இருக்கணும். இன்னொரு தரம் லேட்டா வந்தா உங்க எடத்த வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன். கேட்டுக்கிட்டு ஒருத்தி நிக்கிறா." அவளுக்கு முகம் செத்துப்போனது. வாரத்தில் அவள் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பது சனிக்கிழமை மட்டும்தான். அந்த மாடிதான் அவளுக்கு உலகம்.

அந்த வாரம் டஸ்டர் அவள் கைக்கு வந்ததும் குழாய் விஷயத்தைச் சொன்னாள். வக்கீல் ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது தண்டனைக்குரிய குற்றம்மா. முனிசிபாலிட்டிக்கும் போலீசுக்கும் நான் எழுதறேன்" என்றார்.

"எழுதுங்கய்யா. நான் அதுக்குள்ள போய்க் குடத்த வைக்கிறேன்."

திங்கட்கிழமை காலையில் வைத்தாள். வலப்பக்க வரிசைக்குப் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கடைசி யாரு?" என்று கேட்டாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவளே பார்த்து, கடைசிக் குடத்துக்குப் பின்னால் தன் அலுமினியக் குடத்தை வைத்தாள். எங்கள் அம்மாமார்கள் இடப்பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

குழாயடியை ஆண்டது மூலைவீட்டு அக்கா. அவள் குடம் பித்தளை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண் கூசும். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுத்தவள்தான். கையில் கொடுக்கவில்லை, தூக்கிப் போட்டாள். அந்த அக்கா காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அலுமினியக் குடம் உருண்டு எங்கள் பக்கம் வந்தது.

"ஒங்க வரிசை அங்க இருக்குது."

"அது வரிசை இல்லக்கா. இதான் வரிசை." அவள் குடத்தை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தாள். மறுபடி தள்ளினார்கள், மறுபடி வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை, யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். அந்த நாட்களில் வீட்டுக்குத் தண்ணீர் அவள் அம்மா இடப்பக்கத்தில் பிடித்ததுதான்; நாங்கள் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு ஓடிவிடுவோம். குடம் நசுங்கி வாழைப்பூ மாதிரி ஆகிவிட்டது. அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி புடிக்கப் போறியா, சண்ட புடிக்கப் போறியாடி? ஒன்னால நாளைக்கி நம்ம ஆளுங்க தெருவுல நடக்க வாணாமா?"

"நான் என்னாம்மா பண்ணேன்? வந்தேன், நின்னேன்."

ஒருநாள் காலையில் சைக்கிள் ரிக்‌ஷாவில் வக்கீல் ஐயா வந்து இறங்கினார், கூடவே முனிசிபாலிட்டி ஓவர்சீயர். குழாய்க்கு ஒரே வரிசைதான், மீறினால் கேஸ் என்று ஓவர்சீயர் உரக்கச் சொன்னார். ஐயா அவள் குடம் நிறைகிறவரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் குடத்தை யாரும் தள்ளவில்லை. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சாண் இடம் விட்டுத்தான் தெருக்காரர்கள் தங்கள் குடத்தை வைத்தார்கள். பட்டுவிடக் கூடாதாம்.

எங்கள் ஆட்களுக்கு வந்த தைரியத்தைச் சொல்லி மாளாது. இத்தனை வருஷ ஆத்திரம், சும்மாவா? முந்தின நாள் சாயங்காலமே காலனிக் குடம் அத்தனையையும் கொண்டுபோய்க் குழாயடியில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். நாளைக்குத் தெருக்காரிகள் நம் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று சிரிப்பான சிரிப்பு. அவள் விடிகாலையில் வந்து பார்த்தாள். ஒவ்வொரு குடமாக எடுத்து ஓரமாக வைத்தாள். அதில் அவள் அம்மா குடமும் ஒன்று, என் அம்மா குடமும் ஒன்று.

"ஏய், என்னாடி பண்ற?" என் அம்மா பாய்ந்தாள்.

"ஆளு வந்தாத்தான், அத்தே, குடம் வரும். தூங்குறவங்க குடம் வரிசையில நிக்காது."

"அவளுங்க இத்தினி வருஷமா பண்ணாளுங்களே, அப்ப எங்க போச்சு ஒன் வரிசை? நீ யாரு பக்கம்டி?"

"வரிசை பக்கம்."

இரண்டு பக்கத்துக்காரர்களும் அவளைத் திட்டினார்கள். எனக்கே கோபம்தான். ஆனால் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் நாலைந்து பெண்கள் சங்குக்கு முன்பே வந்து, "கடைசி யாரு?" என்று முணுமுணுத்துக்கொண்டே வலப்பக்க வரிசையில் நின்றார்கள். அடுத்த வாரம் இடப்பக்க வரிசை என்று ஒன்று இல்லை. ஒரு சாண் இடைவெளி மட்டும் இருந்தது.

மூலைவீட்டு அக்கா அசையவில்லை. அவள் எப்போது வந்தாலும் வரிசையைப் பார்க்கமாட்டாள். தெருக்காரி யாராவது பின்னால் நகர்ந்து இடம் கொடுப்பாள், அங்கே வைப்பாள். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை.

கோடை வந்தது. தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. அன்றைக்கு என் குடம் முன்னாலேயே நிறைந்துவிட்டது. எனக்கு அப்புறம் இரண்டு குடம், அப்புறம் மூலைவீட்டு அக்காவின் பித்தளைக் குடம், அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி அவளுடைய நசுங்கிய குடம். திடீரென்று அக்காவின் வீட்டிலிருந்து கூச்சல். அவள் புருஷன் மயங்கி விழுந்துவிட்டாராம். அக்கா குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

நான் வீட்டில் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். பித்தளைக் குடத்தின் முறை வந்திருந்தது. ஆள் இல்லை.

"தள்ளு அந்தக் குடத்த" என்றாள் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி. "ஆளு வந்தாத்தான் குடம் வரும்னு நீதான சொன்ன?"

"வராதவங்க வேற. வந்து நின்னுட்டு ஓடினவங்க வேற." சொல்லிவிட்டு அவள் குனிந்து, அந்தப் பளபளக்கும் குடத்தைத் தன் கையால் தூக்கிக் குழாய்க்குக் கீழே வைத்தாள். தெருக்காரப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். அந்தக் குடத்தை அதுவரை காலனிக் கை தொட்டதில்லை.

அவள் காதோரம் போய், "பைத்தியமே, தண்ணி நிக்கப் போவுது. ஒன்னுத மொதல்ல புடி. பெரிய டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்குது."

"லீடர் கிளாஸு போயிடும்டி!"

"தெரியுது. அவங்க முறைடி." சொல்லிவிட்டு, நூலாக விழுந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பித்தளைக் குடம் கழுத்துவரை நிறைந்தது. குழாய் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. அவள் குடம் காலி.

அக்கா தலைமுடி கலைந்து திரும்பி வந்தாள். புருஷனுக்கு நினைவு வந்துவிட்டதாம். நிறைந்த குடத்தைப் பார்த்தாள். "யாரு ரொப்பினது?"

"நான்தான்க்கா. உங்க முறை வந்துச்சு."

குடத்தின் கழுத்தில் அவள் விரல் பட்ட ஈரம் தெரிந்தது. அக்கா அந்தத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பாள் என்றுதான் நான் நினைத்தேன், எல்லோரும் நினைத்தார்கள். அக்கா அந்தக் குடத்தையும் பக்கத்தில் இருந்த காலிக் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பித்தளைக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். ஒரு சொட்டு கீழே ஊற்றவில்லை.

நான் ஓடி, மணி அடிப்பதற்குள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவள் தேங்காய்த்திட்டு ரோட்டில் இருந்த கைப்பம்புக்குப் போய்த் தண்ணீர் அடித்து வீட்டில் வைத்துவிட்டு வந்தபோது ப்ரேயர் முடிந்திருந்தது. பெரிய டீச்சர் சொன்னதைச் செய்தார். மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்த அந்தப் பெண்ணிடம் போனாள். "சனிக்கிழமை நீ போ. ஒன் முறை வந்துடுச்சு. டஸ்டர் கைக்கு வர்ற வரைக்கும் பேசாத" என்று சொல்லிக்கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை வக்கீல் ஐயா விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார். பெரிய டீச்சரிடம் தானே வந்து பேசுவதாகச் சொன்னார். நான் ஓடிவந்து அவளிடம் சொன்னேன். "வாணாம்னு சொல்லிடு. அந்தப் பொண்ணு எவ்ளோ நாளா நிக்கிறா. அவள எழுப்பிட்டு நான் ஒக்காந்தா அது என்னா நியாயம்?" என்றாள். அடுத்த சனிக்கிழமை போய் இதை அப்படியே ஐயாவிடம் ஒப்பித்தேன். அவர் டஸ்டரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு வகுப்பு தாமதமாகத்தான் தொடங்கியது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், குடம் நிறைந்ததற்கு மறுநாள் காலையில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

சங்கு இன்னும் ஊதவில்லை. நல்ல இருட்டு விலகும் நேரம். வரிசை நீளமாக இருந்தது. அவள் கடைசியில் நின்றாள், கண் வீங்கியிருந்தது. அவளுக்கு முன்னால் நான். லீடர் கிளாஸைத் தொலைத்த கோபத்தில் அவளோடு பேசாமல் விறைத்துக்கொண்டு நின்றேன். மூலைவீட்டுக் கதவு திறந்தது. அக்கா பித்தளைக் குடத்தோடு வந்தாள். வழக்கம்போலத் தெருக்காரி ஒருத்தி பின்னால் நகர்ந்து இடம் விட்டாள். அக்கா அந்த இடத்தைத் தாண்டி வந்தாள். என்னைத் தாண்டி வந்தாள். வரிசை முடிகிற இடத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் தொண்டையைச் செருமினாள்.

"கடைசி யாரு?"

அவள் வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினாள்.

"நான்தான்க்கா."

அக்கா குனிந்து, பித்தளைக் குடத்தை அந்த நசுங்கிய அலுமினியக் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். குடத்தோடு குடம் பட்டு 'ணங்' என்று சத்தம் கேட்டது.